ஐந்து தௌலத்துகள்

"மாமா, என் பாஸ்போர்ட்டைக் கொடுங்க."

செய்கு அலாவுதீன் ஹாஜியார் சுலைமானி டீ டம்ளரை உதடு வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். காது கேட்காதவர் போல முதலில் ஒரு பார்வை பார்த்தார். கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதை அறிந்ததும் ஒரு சிரிப்பு.

"என்னத்துக்கும்மா?"

"என் பாஸ்போர்ட்டு எனக்கு என்னத்துக்குன்னா கேக்குறிய?"

நஜீஹா கேட்டேவிட்டாள். கீழக்கரையிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட அன்று உம்மா பத்ருன்னிசா அவளை அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான். காசு வேணுமா, மாமாட்ட கேளு. லீவு வேணுமா, கேளு. உடம்புக்கு முடியலையா, வாயைத் தொறந்து சொல்லு. பாஸ்போர்ட்டை மட்டும் எந்தக் காலத்துலயும் கேட்டுறாத. கேட்டா ஒங்க மேல நம்பிக்கை இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிரும்.

ஹாஜியார் உம்மாவுக்குத் தூரத்து உறவில் காக்கா, அதாவது அண்ணன் முறை. அவர் யாருடைய பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டதாக எவரும் சொல்ல முடியாது. "ரூம்ல வச்சா தொலைஞ்சு போயிரும், பெட்டியில கெடக்கட்டும்" என்று அவர் சொல்வார், வந்து இறங்கியவர்கள் கொடுப்பார்கள். கடைப் பையன்கள், டிரைவர், சமையல்காரர், நஜீஹா எல்லோருடையதும் அவர் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் பச்சை இரும்புப் பெட்டிக்குள் கிடந்தன. இப்படி வைத்திருப்பது இந்த நாட்டில் சட்டப்படி தப்பு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஊர்க்காரர் விஷயத்தில் சட்டம் பேசுவது அதைவிடப் பெரிய தப்பு என்பதும் தெரியும்.

"தோஹாவுல வேலை கெடைச்சிருக்கு மாமா. பழைய மேப்பு, பழைய பத்திரமெல்லாம் பாதுகாக்குற எடம். ஒரு மாசத்துக்கு முன்னாடியே ஒங்களுக்கு மெயில் போட்டேன். நோட்டீஸு நேத்தோட முடிஞ்சுபோச்சு."

"மெயிலு யாரு பாக்குறா? எல்லாம் ஃபாரூக்குதான்."

"ஃபாரூக் பாத்தான். ஒங்கள்ட்ட சொன்னதாவும் சொன்னான்."

ஹாஜியார் டம்ளரை வைத்தார். "சாயங்காலம் மியூசியம் தெறப்பு விழா. உஸ்தாத் நிஸார் வாராரு. துபாய்லேர்ந்து ஆளுங்க வாராங்க. இந்த நேரத்துல வந்து பாஸ்போர்ட்டு கேக்குறியே புள்ள. மொதல்ல விழாவ முடிப்போம், பொறவு உக்காந்து பேசுவோம்."

"பேச ஒண்ணும் இல்ல மாமா. பெட்டியத் தொறந்தா போதும்."

அவர் போனை எடுத்து யாருக்கோ பிரியாணிக் கணக்கு சொல்ல ஆரம்பித்தார். நஜீஹாவுக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. விருட்டென்று கூடத்துக்குள் வந்தாள்.

முவைலாவில் டைல்ஸ் கடைகளுக்கும் கார் கழுவும் கடைகளுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கூடம். வாழ்நாளெல்லாம் மொத்த வியாபாரம் செய்த ஹாஜியாருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. செத்துப்போன நாடுகளின் தபால்தலைகளைச் சேர்ப்பது. "நாடு மவுத்தா போயிட்டா ஸ்டாம்புக்கு வெல கூடும்" என்று விளையாட்டாகச் சொல்வார். ஆனால் ஒரு ஸ்டாம்பைக் கையில் எடுத்தால் பிறந்த குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்குவார். அந்தச் சேர்மானத்தைக் கண்காட்சியாக்கியது நஜீஹா. வீட்டில் முதல் பட்டதாரி. வரலாற்றில் எம்.ஏ. எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்தப் பார்த்த வாப்பாவிடம் சண்டை போட்டுப் படிக்க வைத்தவர் இதே ஹாஜியார்தான். அதை அவள் மறக்கவில்லை. மறக்க யாரும் விடவும் இல்லை.

கண்காட்சியின் விஷயம் சிரியா. முதல் உலகப் போர் முடிந்ததும் துருக்கியிடமிருந்து பறித்த அந்தப் பூமி பிரெஞ்சுக்காரன் கையில் போய்ச் சேர்ந்தது. கையில் வந்ததும் அவன் அதைக் கறிக்கடைக்காரன் மாதிரி கூறு போட்டான். திமிஷ்கு என்கிற டமாஸ்கஸுக்கு ஒரு நாடு, ஹலபு என்கிற அலெப்போவுக்கு ஒரு நாடு, கடலோரத்து அலவிகளுக்கு ஒன்று, துரூஸ் மலைக்காரர்களுக்கு ஒன்று. வடக்கு மூலையில் கடைசியாக முளைத்த ஹத்தாய் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. அதற்குள் அதற்கொரு கொடி, ஒரு சட்டசபை, ஒரு ஜனாதிபதி, ஒரு செட் தபால்தலை. பிறகு அதுவே ஓட்டுப் போட்டுத் தன்னைத் துருக்கியோடு சேர்த்துக்கொண்டு காணாமல் போனது. இந்த ஐந்துக்கும் ஐந்து பலகைகள். அரபி, ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழியில். தமிழ் வேண்டும் என்று சொன்னவர் ஹாஜியார். "நம்ம பாஷை சுவத்துல இருக்கட்டும், எவன் கேப்பான்?"

ராமையா அண்ணன் ஏணி மேல் நின்று துளை போட்டுக்கொண்டிருந்தார். அச்சகத்திலிருந்து வந்த பலகைகளில் மூன்று சுவர் ஏறிவிட்டன. நஜீஹா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

மேலே அரபியில் 'தௌலத் ஹலப்' என்று சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் 'வெல்த் ஆஃப் அலெப்போ'. அதற்கும் கீழே தமிழில் 'ஹலபின் செல்வம்'.

அடுத்தது 'திமிஷ்கின் செல்வம்'. அதற்கடுத்தது 'அலவிகளின் செல்வம்'. மீதி இரண்டும் சுவரில் சாய்ந்து நின்றன. துரூஸ் மலையின் செல்வம். ஹத்தாயின் செல்வம்.

"எறக்குங்கண்ணே" என்றாள்.

"எதைம்மா?"

"எல்லாத்தையும்."

ராமையா துளைபோடும் மிஷினை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "நான் டெய்லி வேஜஸ் ஆளும்மா. ஏத்தச் சொன்னா ஏத்துவேன், எறக்கச் சொன்னா எறக்குவேன். ஆனா ஹாஜியார் வாயால சொல்லட்டும்."

துளைபோடும் சத்தம் நின்றதும் ஹாஜியாரே வெளியே வந்தார், பின்னால் அவர் மகன் ஃபாரூக். ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்தவன். நஜீஹாவைவிட இரண்டு வயது சின்னவன்.

"இதை யாரு மாத்துனா?" என்றாள் நஜீஹா. "நான் ஸ்டேட்டுன்னு எழுதினேன். தமிழ்ல நாடுன்னு எழுதினேன். செல்வம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"நான்தான் மாத்துனேன்" என்றார் ஹாஜியார், பெருமையாகவே. "அச்சடிக்கிறவன் ப்ரூஃப் கொண்டாந்தான். பாத்தேன். அரபில தௌலத்துன்னு போட்டிருக்கு, நீ இங்கிலீஷ்ல வேற என்னமோ போட்டிருக்க. படிச்ச புள்ள, அவசரத்துல விட்டுட்டன்னு நெனச்சு நானே சரி பண்ணிட்டேன்."

"மாமா, தௌலத்துன்னா அரபில நாடு. அரசாங்கம்."

"போ புள்ள. தௌலத்துன்னா என்னன்னு கீழக்கரையில பொறந்த கைப்புள்ளைக்குத் தெரியும். அஞ்சு வயசுலேர்ந்து அரபி ஓதுறவன்ட்ட வந்து தௌலத்துக்கு அர்த்தம் சொல்றியே."

சிக்கலே அங்கேதான் இருந்தது. அரபி எழுத்தை ஹாஜியார் தண்ணீர் பட்ட பாடாக வாசிப்பார். ஊரில் எல்லோரும் வாசிப்பார்கள். அர்த்தம் தெரியாமல் ஒரு மொழியை அட்சரம் பிசகாமல் வாசிப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அர்த்தம் தெரிந்த சொற்களோ ஊர் வழியாக வந்தவை. தௌலத்து என்றால் ஊரில் பணம், பவிசு. பணம் வந்தவனின் மிதப்பு. அரபிக்காரனுக்கு அந்த அர்த்தம் தெரியாது என்று ஊரில் யாரும் சொல்லித் தரவில்லை.

"ஒங்க எமிரேட்ஸ் ஐடிய எடுங்க" என்றாள்.

"என்னத்துக்கு?"

"எடுங்க மாமா."

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். அவள் மேல் வரியில் விரலை வைத்தாள். "வாசிங்க."

"தௌலத்துல் இமாராத்தில் அரபிய்யத்தில் முத்தஹிதா." கணீரென்று வாசித்தார். ஏணியிலிருந்த ராமையாகூட ஒரு மரியாதையில் நின்றார்.

"அர்த்தம்?"

ஹாஜியார் ஒரு கணம் யோசித்தார். "செல்வம் நெறஞ்ச எமிரேட்ஸு. சரிதானே? செல்வம் இல்லன்னா நாம எதுக்கு இங்க வந்தோம்?"

ராமையா சிரிப்பை அடக்க முடியாமல் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். நஜீஹாவுக்கும் சிரிப்பு வந்தது. கோபம் அதை மேலே வரவிடாமல் கழுத்தைப் பிடித்தது. எத்தனையோ வருஷமாக இந்த அட்டையைச் சட்டைப் பையில் சுமக்கிறார் மனிதர். செல்வம் நிறைந்த எமிரேட்ஸாம்.

"ஃபாரூக், நீ இங்க ஸ்கூல்ல அரபி படிச்சவன்தானே? சொல்லு."

ஃபாரூக் தரையைப் பார்த்தான். "ஸ்டேட்தான், வாப்பா."

"ஒனக்குத் தெரியுமா?" என்றார் ஹாஜியார்.

"தெரியும். ப்ரூஃப் பாத்தப்பவே தெரியும். யூ வேர் ஸோ ஹேப்பி வாப்பா. ஐ ஜஸ்ட் லெட் இட் கோ."

ஹாஜியார் ஐந்து பலகைகளையும் வரிசையாகப் பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறியது.

"ஸ்டிக்கர் ஒட்டலாம்" என்றான் ஃபாரூக் அவசரமாக. "வெல்த் மேல ஸ்டேட்னு ஒட்டிடலாம். புதுசா அடிக்க டைம் இல்ல."

"கல்யாண வீட்டுக்கு ஒட்டுப்போட்ட வேட்டியைக் கட்டிட்டுப் போகச் சொல்றியா?"

"ஏன் மாமா, ஒங்க கண்ணாடிப் பெட்டியில இருக்குறது பூரா ஒட்டுதானே" என்றாள் நஜீஹா. "பிரெஞ்சுக்காரன் அவன் ஊரு ஸ்டாம்பு மேல அலவிகள்னு பேரைக் குத்தி, இந்தா நாடுன்னு வித்தான். ஹத்தாயும் அதேதான், துருக்கி ஸ்டாம்பு மேல குத்துனது. குத்துக்கே அவ்வளவு வெல குடுக்குறிய. ஸ்டிக்கர் மட்டும் கேவலமா?"

"ரொம்பத் தௌலத்து வந்துட்டு ஒனக்கு" என்றார் ஹாஜியார். சொன்ன பிறகுதான் எந்தச் சொல்லைச் சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. வேகமாகத் திரும்பி அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, நஜீஹாவின் போன் அடித்தது. உம்மா.

"கேட்டுட்டியாமே?"

"அதுக்குள்ள சொல்லிட்டாகளா?"

"அடியே, நான் என்ன சொல்லி அனுப்புனேன்? ஒண்ணே ஒண்ணுதானே சொன்னேன்? ஆயிரம் சொல்லி நீ ஒண்ணை மறந்திருந்தா மனசு ஆறும். ஒண்ணே ஒண்ணு சொன்னேன்!"

"உம்மா, அது என் பாஸ்போர்ட்டு."

"எவ இல்லன்னா? ரோட்டுலயா போட்டிருக்காக? பெட்டியில பத்திரமாத்தானே கெடக்கு? ஒன்னயப் படிக்க வச்ச மனுஷன். ஒன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசிட்டு இருக்கிற மனுஷன். அவுக மூஞ்சில போயி..."

"படிக்க வச்சாக. அதுக்கு மூணு வருஷம் நாய் மாதிரி ஓடியாச்சு. இன்னும் எவ்வளவு நாளு?"

"நன்றிக்கு நாளு கணக்கு இருக்காடி?"

நஜீஹா கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள். திரும்ப நடந்தாள். "தங்கச்சி கல்யாணம் நின்னுரும்னு பயப்படுறியா உம்மா?" என்று கேட்டாள்.

உம்மாவின் குரல் இறங்கியது. "மன்னிப்பு கேளும்மா. வாய்தானே. கேட்டா தேஞ்சா போயிரும்?"

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் அவளைக் கூப்பிட்டார். கோபம் இறங்கியிருந்தது. மேசையில் அவளுக்கும் ஒரு டம்ளர் சுலைமானி இருந்தது. எதிரே நாற்காலியைக் காட்டினார். அவள் நின்றாள்.

"புள்ள, ஒன் வாப்பாட்ட யாரு சண்டை போட்டா?"

"நீங்கதான்."

"ஒன்ன இங்க யாரு வேலைக்காரியா நடத்துனது? சொல்லு. எங்க வீட்டுல சாப்பிட்ட. ஃபாரூக் ஒன்ன கூடப்பொறந்த அக்கா மாதிரி லாத்தான்னு கூப்பிடுறான். பாஸ்போர்ட்டு என் பெட்டியில இருக்குன்னா அது என்னா? அமானிதம். ஒங்க உம்மா என்னை நம்பி ஒப்படைச்ச அமானிதம்."

அமானிதம் என்ற சொல்லைக் கேட்டதும் நஜீஹா நிமிர்ந்தாள். அதே சொல்லைத்தான் அவள் பலகையில் எழுதியிருந்தாள். முதல் பலகைக்கு எழுதும்போது, இந்த மக்களெல்லாம் பிரான்சுக்கு எப்படிக் கொடுக்கப்பட்டார்கள் என்று போருக்குப் பின் உலக நாடுகள் சங்கத்துச் சாசனத்தில் எழுதிவைத்த வாசகத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் இப்படி எழுதினாள்: 'சொந்தக் காலில் நிற்கும் காலம் வரும்வரை இவர்கள் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டார்கள்.' ஹாஜியார் வாசித்துவிட்டு "மாஷா அல்லாஹ், என்னா வார்த்தை" என்று இரண்டு முறை சொன்னார். அந்த வரியை மட்டும் அவர் திருத்தவில்லை.

"அமானிதம்னா உரியவ கேட்ட அன்னைக்கே கொடுத்துறணும் மாமா. இது நீங்க ஓதிக் கொடுத்தது."

"கொடுக்குறேன். யாரு இல்லன்னா? மியூசியம் கொஞ்சம் கால் ஊணட்டும். ஃபாரூக்குக்கு ஒண்ணும் தெரியாது. நீயும் இன்னும் கொஞ்சம் பழகிக்க. ஒத்தையா தோஹாவுல போயி நிக்க ஒனக்குத் தெம்பு வந்துட்டுன்னு எனக்குத் தெரியணும். வந்த அன்னைக்கு நானே டிக்கெட் போட்டு அனுப்புறேன்."

"வந்துட்டுன்னு யாரு முடிவு பண்ணுவா?"

"நான்தான். வேற யாரு?"

"பிரெஞ்சுக்காரனும் அதைத்தான் சொன்னான்."

ஹாஜியாருக்கு அது உறைத்தது. கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, வியாபாரத்தில் கடைசி விலை சொல்லும் குரலில் பேசினார்.

"சரி. ஒரு காரியம் பண்ணு. பலகைய இனிமே மாத்த முடியாது, இப்படியே இருக்கட்டும். சாயங்காலம் உஸ்தாத் நிஸார் கேட்டா, எழுதினது நீதான்னு சொல்லிரு. சின்னப்புள்ள, அரபி தெரியாது, தப்பு பண்ணிட்டான்னு அவரு சிரிச்சிட்டுப் போயிருவாரு. என் தப்புன்னா அப்படியா? இந்த மண்ணுலயே நரைச்ச ஹாஜிக்கு தௌலத்து தெரியலைன்னு ஊருபூரா பேசும். பஜார்ல நான் தலை காட்ட முடியாது. நீ ஒரு வார்த்தை சொல்லிரு, விழா முடிஞ்ச ஒடனே பெட்டியத் தொறந்து ஒன் கையில தாரேன். நாளைக்கே தோஹாவுக்குப் போ."

"ஒங்க தப்பை என் தப்புன்னு சொல்லணும்."

"ஒரே ஒரு வார்த்தை புள்ள."

அவள் டம்ளரைத் தொடாமல் வெளியே வந்தாள். கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் என்ன? இங்கே அவளை யாருக்குத் தெரியும்? தங்கச்சி கல்யாணம் நடக்கும், உம்மா அழ மாட்டாள், ஹாஜியாரின் மானம் போகாது, பாஸ்போர்ட் கைக்கு வரும். எல்லோருக்கும் லாபம். நஷ்டம் என்று பார்த்தால் அவள் படித்த படிப்பு ஒன்றுதான். ஹாஜியாருக்குக் கடை இருக்கிறது, பேர் இருக்கிறது, பள்ளிவாசலில் முதல் வரிசையில் இடம் இருக்கிறது. அவளிடம் அந்தப் படிப்பை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அதைத்தான் கேட்கிறார் மனிதர். அதுவும் படிக்க வைத்த மனிதரே.

முகத்தைக் கழுவினாள். சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கதவைத் திறக்கும்போது சொல்ல மாட்டேன் என்று நினைத்தாள். கூடத்தைச் சுற்றி நடந்தபோது மறுபடி சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ராமையா ஐந்தாவது பலகையையும் ஏற்றிவிட்டுத் தூசி துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இப்படி நடக்குற? தரை தேஞ்சுரும்" என்றார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். கீழக்கரை சங்கத்து ஆட்கள், துபாய் ஸ்டாம்பு வியாபாரிகள், ஃபாரூக்கின் கூட்டாளிகள். உஸ்தாத் நிஸார் கடைசியாக வந்தார். ஹலபில் பிறந்தவர். கத்தரித்த வெள்ளைத் தாடி, கையில் ஊன்றுகோல். பழைய ஸ்டாம்பு விஷயத்தில் வளைகுடா முழுக்க அவர் சொன்னால் சொன்னதுதான். ஹாஜியார் இரண்டு கையையும் பிடித்துக் கூட்டிவந்தார். நஜீஹாவுக்குப் பக்கத்தில் வரும்போது, வேறெங்கோ பார்த்துக்கொண்டே, "ஒரு வார்த்தை" என்றார்.

கிழவர் கண்ணாடிப் பெட்டிகளை நிதானமாகப் பார்த்தார். ஒரு ஸ்டாம்பின் முன் குனிந்து நாக்கைச் சப்புக்கொட்டினார். பிறகு நிமிர்ந்து தன் ஊர்ப் பலகைக்கு வந்தார். அரபியை வாசித்தார். ஆங்கிலத்தை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டார்.

"ஹலபின் செல்வமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இதை யார் எழுதியது?"

ஹாஜியார் நஜீஹாவைப் பார்த்தார். ஃபாரூக் பார்த்தான். கீழக்கரைச் சங்கமே திரும்பிப் பார்த்தது. சொல்லிவிடு, வாய்தானே என்ற உம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது. வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"இதற்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது, ஐயா. தலைப்பை நான் நாடு என்று எழுதினேன். ஹாஜியார் அதைச் செல்வம் என்று மாற்றினார். தௌலத்துக்கு எங்கள் ஊரில் செல்வம் என்று அர்த்தம். அவர் வேண்டுமென்று செய்யவில்லை."

கிழவரின் தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் இருமல் என்று நினைத்தார்கள். சிரிப்பு. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என் பாட்டனார் அந்தத் தௌலத்தில் குமாஸ்தாவாக இருந்தார்" என்றார். "அவர் சொல்வார், நாடும் இல்லை, செல்வமும் இல்லை, ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருந்தது, அதை வைத்த பெட்டியின் சாவி பிரெஞ்சு அதிகாரியின் பையில் இருந்தது என்று. பலகை அப்படியே இருக்கட்டும் ஹாஜி. ஹலபுக்காரன் எவன் பார்த்தாலும் சிரிப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். கிழவர் ஹாஜியாரின் தோளைத் தட்டினார். அதில் துளி கேலி இல்லை. ஆனால் ஹாஜியார் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சங்கத்துக்காரர்களில் ஒருவர் இன்னொருவர் காதில், "எல்லாம் தௌலத்துதான்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அது ஹாஜியாருக்கும் கேட்டது.

பிரியாணி பரிமாறத் தொடங்கியதும் அவர் அறைக்குள் போனார். நஜீஹா பின்னாலேயே போனாள்.

"பெட்டியத் தொறங்க மாமா."

"வெளிய போ."

"அவரு கோபப்படலையே. பலகை இருக்கட்டும்னுட்டாரு."

"அவரு சிரிச்சாரு. என் ஊருக்காரனும் சிரிச்சான். அது ஒனக்குப் புரியாது." குரல் நடுங்கியது. ஒரு கணம் அவளுக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. "ஒன் மேல எவ்வளவு நம்பிக்கை வச்சிருந்தேன்! ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். ஒனக்கு வாய் வரல."

"பொய் வரல மாமா."

"அப்ப பாஸ்போர்ட்டும் வராது. போ. எங்க போவேன்னு பாக்குறேன். ஒன் உம்மா நாளைக்கு எனக்கு போன் பண்ணுவா. நீயும் வருவ."

அவள் இரக்கம் போய்விட்டது. காலையிலிருந்து கூடத்துக்கும் அறைக்கும் அலைந்த கால்கள் அந்த இடத்திலேயே நின்றன. மண்டைக்குள் இருந்த இரைச்சலும் நின்றது. அவள் தோள்பையை எடுத்தாள். போன் சார்ஜரைச் சுருட்டி உள்ளே போட்டாள்.

"நீங்க என்னைப் படிக்க வச்சிய. அதைச் சாகுற வரைக்கும் சொல்லுவேன், எங்க வேணும்னாலும் சொல்லுவேன்" என்றாள். "இதையும் சொல்லுவேன்."

கூடத்தில் தட்டுகளின் சத்தம். யாரோ அவளையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அனல் முகத்தில் அடித்தது. பின்னால் ஃபாரூக் ஓடிவந்தான், கையில் இன்னும் கரண்டி.

"லாத்தா, ப்ளீஸ். எங்க போறீங்க?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு."

"வாப்பா மேலயா? ஆர் யூ சீரியஸ்? லாத்தா, ஊர்ல என்ன சொல்வாங்க? ஒங்க தங்கச்சி..."

"தெரியும். எல்லாம் யோசிச்சாச்சு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் பெட்டி தொறந்துச்சுன்னா எனக்கு போன் பண்ணு, திரும்பி வந்து வாங்கிக்கிறேன். தொறக்கலன்னா பண்ணாத."

அவன் கரண்டியோடு அங்கேயே நின்றான். கார் கழுவும் கடைக்காரன் குழாயைச் சற்றுத் தாழ்த்தி அவளுக்கு வழிவிட்டான். நஜீஹா ஈரத் தரையைத் தாண்டி, பெரிய சாலையைப் பார்த்து நடந்தாள்.